மூன்று அசைவு, ஒரே ஃபிரேம்: ஒரு மல்டிபிள் எக்ஸ்போஷர் முயற்சியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே வீட்டு மாடியில் பரதநாட்டிய வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர், தன் மாணவியின் அரங்கேற்ற அழைப்பிதழுக்கு வழக்கமான போஸ் படம் வேண்டாம் என்று முடிவு செய்தார். ஒரு அடவு, அதாவது நாட்டியத்தின் ஒரு அடிப்படை அசைவுத் தொடர், தொடங்கி முடிவதற்குள் உடம்பு எங்கிருந்து எங்கே போகிறது என்பது ஒரே படத்தில் தெரிய வேண்டும். உள்ளூர் ஸ்டுடியோக்காரரிடம் அவர் கேட்டது இவ்வளவுதான்.

ஸ்டுடியோக்காரர் ஐம்பதைக் கடந்தவர். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் படம் என்று ஓடுகிற தொழில். ஆனால் மல்டிபிள் எக்ஸ்போஷர், அதாவது ஒரே படத்தின் மேல் பலமுறை வெளிச்சத்தைப் பதிவது, அவருக்குப் புதிதில்லை. அவருடைய அப்பா 120 ஃபிலிம் காலத்தில் ‘டபுள் ஆக்ட்’ படம் எடுத்துக் கொடுத்தவர். ஒரே ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் அவரே நின்றுகொண்டும் இருப்பார். லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு கிளிக். ஃபிலிமைச் சுற்றாமல், அட்டையை மறுபாதிக்கு மாற்றி இன்னொரு கிளிக். இதைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் ஆசிரியை கேட்டதும் ஒப்புக்கொண்டார்.

இவர்களைத் தவிர இருபதுகளில் இருக்கும் ஒரு உதவியாளர், பதினான்கு வயது மாணவி, அவளுடைய அம்மா. நானும் இதே தொழிலில் இருப்பவன். ஸ்டுடியோக்காரர் அழைத்ததால் கூடவே இருந்து குறிப்பெடுத்தேன். எல்லோருடைய சம்மதத்துடனும், ஊர் பெயரும் ஆட்களின் பெயரும் இல்லாமல் இதை எழுதுகிறேன்.

கையில் இருந்த கருவிகள்: நிக்கான் டி750 கேமரா, 35 மிமீ லென்ஸ், கேமராவின் தலையில் மாட்டும் வகை ஹாட்ஷூ ஃபிளாஷ் ஒன்று, அதை இயக்க ரிமோட் டிரிக்கர், ஸ்டாண்டு, டிரைபாட். இந்த கேமராவின் மல்டிபிள் எக்ஸ்போஷர் அமைப்பில் ஒரே படத்துக்குள் 2 அல்லது 3 எக்ஸ்போஷர்தான் சேர்க்க முடியும். ஆசிரியை முதலில் கேட்டது ஐந்து நிலைகள்.

முதல் முயற்சி: டியூப் லைட்டும் கிரீம் நிறச் சுவரும்

முதல் சோதனை வகுப்பு நடக்கிற ஹாலிலேயே, மாலையில், டியூப் லைட் வெளிச்சத்தில் நடந்தது. பின்னால் வெறும் கிரீம் நிறச் சுவர். மாணவி மூன்று இடங்களில் மாறி மாறி நின்றாள். கேமராவில் ‘ஆட்டோ கெய்ன்’ ஆன் ஆகவே இருந்தது. அதாவது மூன்று எக்ஸ்போஷர் என்றால் ஒவ்வொன்றின் அளவையும் கேமரா மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளும்.

படத்தில் சுவர் பளிச்சென்று சரியாக இருந்தது. பெண்ணைத்தான் காணவில்லை. காணவில்லை என்றால் முழுக்க இல்லாமல் போகவில்லை. மூன்று இடத்திலும் புகை மாதிரி ஒரு உருவம், அதன் ஊடாகச் சுவரின் விரிசல்கூடத் தெரிகிறது. உதவியாளர் எக்ஸ்போஷரை ஏற்றிப் பார்த்தார், சுவர் வெளுத்தது. இறக்கிப் பார்த்தார், எல்லாமே மங்கியது.

இதற்குக் காரணம் எளிமையானது. பெண் முதல் இடத்தில் நின்றபோது அவளுடைய வெளிச்சம் ஒரு பங்கு பதிந்தது. அவள் நகர்ந்த பிறகு அதே இடத்தில் சுவரின் வெளிச்சம் மேலும் இரண்டு பங்கு பதிந்தது. ஆக அந்த உருவத்தில் மூன்றில் இரண்டு பங்கு சுவர்தான். மல்டிபிள் எக்ஸ்போஷரில் வெளிச்சம் கூடுமே தவிர ஒருபோதும் கழியாது. ஒரு உருவம் கெட்டியாகப் பதிய வேண்டும் என்றால், அந்த இடம் மற்ற எக்ஸ்போஷர்களில் இருட்டாக இருந்தாக வேண்டும். எங்கே வெளிச்சம் போடலாம் என்பதை விட எங்கெல்லாம் இருட்டைக் காப்பாற்றலாம் என்றுதான் இந்த வகைப் படத்தில் யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்பா லென்ஸைப் பாதி மறைத்ததும் இதற்காகத்தானே என்று ஸ்டுடியோக்காரர் அங்கேயே சொன்னார்.

இந்தப் பிரச்சினை மிகப் பழையது. 1882-ல் பாரிஸில் எத்தியென் ழூல் மாரே என்ற உடலியல் அறிஞர், நடக்கிற, ஓடுகிற மனிதர்களின் தொடர் அசைவுகளை ஒரே ஃபோட்டோ தகட்டில் பதிய ஆரம்பித்தபோது, கறுப்புப் பின்னணி ஒன்றைத் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. பிறகு உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பியதால், ஆளுக்கே கறுப்பு உடை போட்டு, கை கால் நெடுகிலும் வெள்ளைக் கோடு மட்டும் வைத்துப் பதிந்தார். இதை நான் எடுத்துச் சொன்னபோது ஆசிரியை ஆர்வமாகக் கேட்டார். ஆனால் மாணவிக்குக் கறுப்பு உடை என்ற பேச்சுக்கே இடமில்லை என்றும் சொல்லிவிட்டார். சலங்கை கட்டுகிற விசேஷத்துக்கான அழைப்பிதழ் அது.

இரண்டாம் முயற்சி: கறுப்புத் திரை

பந்தல்காரரிடம் கறுப்பு வெல்வெட் திரை வாடகைக்கு வந்தது. சுவரோடு ஒட்டாமல் மாணவி நிற்கும் கோட்டிலிருந்து ஐந்தாறு அடி பின்னால் கட்டினார்கள். ஃபிளாஷ் வெளிச்சம் திரையை எட்டுவதற்குள் தேய்ந்துவிட வேண்டும் என்பதற்காக இந்த இடைவெளி.

உருவங்கள் இப்போது கெட்டியாக வந்தன. ஆனால் இருண்டுபோய் வந்தன. ஆட்டோ கெய்ன் இன்னமும் ஆன். பின்னணி கறுப்பாக இருக்கும்போது கேமரா மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால், அந்தக் குறைவை ஈடுகட்ட எதுவும் வந்து சேராது. கிட்டத்தட்ட ஒன்றரை ஸ்டாப் நஷ்டம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). இருண்ட பின்னணி என்றால் ஆட்டோ கெய்னை அணைத்துவிடச் சொல்லி கேமராவின் கையேட்டிலேயே இருக்கிறது. அணைத்ததும் சரியானது.

அடுத்த சிக்கல் நேரம். எக்ஸ்போஷர்களுக்கு நடுவே சுமார் 30 நொடி எதுவும் செய்யாமல் விட்டால், அதுவரை பதிந்ததைச் சேர்த்து இந்த கேமரா படத்தை முடித்துவிடும். ஆசிரியை மாணவியின் கை விரல்களைத் திருத்தி, தோளை இறக்கி, பார்வையைச் சரிசெய்வதற்குள் நேரம் போய், படம் இரண்டு உருவத்தோடு நின்றது. ஸ்டேண்ட்பை டைமரை நீட்டி வைத்த பிறகு இதுவும் தீர்ந்தது.

சரி, படம் வந்துவிட்டது. ஆசிரியை லேப்டாப்பில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், இது மூணு போஸ். அடவு இல்ல.”

அவர் சொன்னது புரிய எங்களுக்கு நேரமானது. மூன்று உருவத்திலும் மாணவியின் ஜடை முதுகில் நேராகத் தொங்கியது. உடையின் விசிறி மடிப்பு அசையாமல் இருந்தது. ஆடுகிற உடம்பில் இரண்டும் ஒரு கணம் பின்தங்கித்தான் வரும். நிற்க வைத்து எடுத்ததை எவ்வளவு நேர்த்தியாகச் சேர்த்தாலும் அந்தப் பின்தங்கல் வராது. என்னைப் பொறுத்தவரை இந்த முயற்சி முழுவதிலும் மிகக் கூர்மையான கவனிப்பு இதுதான். அது கேமரா பிடிக்காத ஒருவரிடமிருந்து வந்தது.

எடுத்த முடிவுகள்

இங்கே மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன.

உதவியாளர் ஒரு வழி சொன்னார்: “அண்ணா, தொடர்ச்சியா ஆட விட்டுத் தனித்தனியா எடுத்துக்கலாம். ஃபோட்டோஷாப்ல லேயரா போட்டு லைட்டன் குடுத்தா அரை மணி நேர வேலை.” நியாயமான யோசனை, பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஸ்டுடியோக்காரர் மறுக்கவில்லை. முதலில் அப்படி ஒரு தொகுதியை எடுத்து வைக்கச் சொன்னார். அழைப்பிதழ் அச்சுக்குத் தேதி இருக்கிறது, வாடிக்கையாளரிடம் வெறுங்கையோடு போய் நிற்க முடியாது. சோதனைக்கு முன்னால் பாதுகாப்பான படம் ஒன்று கைவசம் இருக்க வேண்டும் என்ற இந்த வரிசையை நான் முழுக்க ஆதரிக்கிறேன். ஆனால் தாளத்தின் இடைவெளியே படத்துக்குள் வர வேண்டும் என்றால் ஷட்டர் ஒருமுறை திறந்து ஒருமுறை மூட வேண்டும், நடுவில் நடப்பதெல்லாம் அதற்குள் நடக்க வேண்டும் என்பது ஸ்டுடியோக்காரரின் எண்ணம்.

ஆக இரண்டாவது முடிவு: கேமராவின் மல்டிபிள் எக்ஸ்போஷர் அமைப்பை விட்டுவிட்டு, ஹாலை இருட்டாக்கி, பல்ப் மோடில் ஷட்டரைத் திறந்து வைத்து, தாளத்துக்கு ஃபிளாஷ் அடிப்பது. 1930-களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் எட்கர்டன், விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கை வைத்து வளர்த்த முறையின் எளிய வடிவம்தான் இது. அவரிடமிருந்து அதைக் கற்ற புகைப்படக்காரர் ஜான் மிலி, நடனக் கலைஞர்களை இப்படிப் பதிந்திருக்கிறார். ஹாட்ஷூ ஃபிளாஷை 1/16 பவரில் வைத்தால் அது எரியும் நேரம் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் உருவம் உறைந்து நிற்கும். அடுத்த தாளத் தட்டுக்குள் ஃபிளாஷ் மறுபடி தயாராகவும் குறைந்த பவர்தான் உதவும்.

மூன்றாவது முடிவு ஆசிரியையுடையது. அவர் மனதில் முதலில் இருந்தது நாட்டடவு. அது பெரும்பாலும் நின்ற இடத்தில் ஆடுவது, உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழும். படத்துக்காக அதை இடம் மாற்றி ஆட வைக்க அவருக்கு மனமில்லை. “அப்படிச் செஞ்சா பாக்கறவங்களுக்குத் தப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி” என்றார். அதனால் பக்கவாட்டில் நகர்கிற சறுக்கல் அடவைத் தேர்ந்தெடுத்தார். கையை நீட்டினால் மாணவி அகலம் ஐந்தடி. ஹாலின் அகலத்துக்கு ஐந்து உருவம் நெருக்கியடிக்கும். மூன்று போதும் என்று அவரே குறைத்தார்.

இருட்டில் ஆடுவதைப் பற்றி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு சிறுமியை இருட்டில் ஆடச் சொல்வது சாதாரண விஷயமில்லை. “டீச்சர், இருட்டுல கால் பிசகிட்டா?” என்று அம்மா கேட்டதும் எல்லோரும் நிறுத்திவிட்டோம். மேடையாக இருந்திருந்தால் அந்த யோசனையே கைவிடப்பட்டிருக்கும். இது சமதளமான தரை, விளிம்பு இல்லை. ஒயர்களை எல்லாம் சுவரோரம் ஒதுக்கி டேப் ஒட்டினார்கள். திரையின் கால்களை வெளியே நகர்த்தினார்கள். மாணவி விளக்கு வெளிச்சத்தில் அதே தூரத்தை உடம்புக்குப் பழகும் வரை ஆடிப் பார்த்தாள். கடைசி இடத்துக்கு அப்பால் அம்மாவே போய் நின்றுகொண்டார், ஃபிரேமுக்கு வெளியே. “விளக்கைப் போடுங்க” என்று மாணவி எப்போது சொன்னாலும் உடனே போட்டுவிட வேண்டும் என்று ஒப்பந்தம். ஒருமுறை சொன்னாள், போட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் முயற்சி: தரை தந்த பாடு

எஃப் 8, ஐஎஸ்ஓ 200, ஃபோகஸ் மாணவி நிற்கும் கோட்டில் மேனுவலாகப் பூட்டப்பட்டது. வெண்டிலேட்டருக்குக் கறுப்பு சார்ட் பேப்பர். முதல் சோதனைப் படத்தில் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. சுவிட்ச் போர்டின் இண்டிகேட்டர். அதற்கும் டேப்.

ஆசிரியை தட்டுக்கழியால் தட்ட, குறிப்பிட்ட தட்டுகளில் உதவியாளர் ஃபிளாஷ் அடித்தார். முதலில் ஃபிளாஷ் ஸ்டாண்டு இடது ஓரத்தில் இருந்தது, பக்கவாட்டு வெளிச்சத்தில் உடம்பின் வளைவு நன்றாகத் தெரியும் என்பதால். ஆனால் மாணவி வலப்பக்கம் நகர நகர ஃபிளாஷிலிருந்து தூரம் கூடியது. தூரம் ஒன்றரை மடங்கானால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். மூன்றாவது உருவம் முதலாவதை விட ஒரு ஸ்டாப்புக்கு மேல் மங்கல்.

அதைவிடப் பெரிய தொந்தரவு காலடியில். சிவப்பு ஆக்ஸைடு தரை, வருஷக்கணக்கில் கால் பட்டு மெருகேறியது. உருவங்கள் வெவ்வேறு இடத்தில் விழுகின்றன, அதனால் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு ஃபிளாஷ்தான். தரைக்கோ ஒவ்வொரு முறையும் வெளிச்சம் விழுகிறது, ஆக மூன்று ஃபிளாஷ். இடுப்புக்கு மேலே எல்லாம் அருமை. கீழே பார்த்தால் பாதங்கள் தரையோடு கரைந்து போயிருந்தன. விரலில் இட்ட அல்தா மட்டும் கறை போல மிதந்தது. அடவைக் காட்டுகிற படத்தில் பாதம் இல்லை என்றால் அந்தப் படத்துக்கு அர்த்தமே இல்லை.

கறுப்புத் துணியைத் தரையில் விரிக்கலாமா என்று கேட்டதற்கு ஆசிரியை ஒரே வார்த்தையில் மறுத்தார். சறுக்கும் அடவு, துணி கூடவே சுருண்டு வரும், விழுந்துவிடுவாள். விளக்கிருந்தாலும் அது கூடாது, இருட்டில் கேட்கவே வேண்டாம்.

தீர்வு ஸ்டுடியோக்காரரிடமிருந்து வந்தது. கறுப்பு சார்ட் பேப்பரைக் குழாயாகச் சுருட்டி ஃபிளாஷின் தலையில் மாட்டினார். வெளிச்சம் பரவாமல் ஒரு வட்டமாக, ஒரு ஆள் அளவுக்கு விழுந்தது. ஸ்டாண்டை கேமராவுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து, கூரைக்குக் கீழே முடிந்தவரை உயர்த்தினார். இப்போது மூன்று இடத்துக்கும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நிழலும் உயரத்திலிருந்து விழுவதால் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்து மறைந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் ஃபிளாஷின் தலையை அடுத்த இடத்துக்குத் திருப்ப வேண்டும். இருட்டில் எவ்வளவு திருப்புவது? ஸ்டாண்டின் கழுத்தில் மூன்று இடங்களில் டேப்பை மடித்து மேடாக ஒட்டி, கட்டை விரலால் தடவித் தெரிந்துகொள்ளும்படி செய்தார் உதவியாளர். தரையின் ஒவ்வொரு பகுதியும் இப்படி ஒரே ஒருமுறைதான் வெளிச்சம் வாங்கியது.

பக்கவாட்டு வெளிச்சத்தின் அழகு இதில் போய்விட்டது. முன்னாலிருந்து விழும் வெளிச்சம் உடம்பைக் கொஞ்சம் தட்டையாக்கும். பாதத்துக்காக அந்த இழப்பை ஏற்றுக்கொண்டார்கள், சரியான தேர்வு என்றே நினைக்கிறேன்.

கிடைத்தது

வெல்வெட்டின் கறுப்பில் மூன்று உருவம். நடு உருவத்தின் நீட்டிய கை முதல் உருவத்தின் தலைமுடிக்கு மேல் வந்து, வளையல்கள் கூந்தலுக்குள் மின்னின. முடி கறுப்பு, ஆகவே அங்கே வெளிச்சம் ஏற இடம் இருந்தது. அதே கை சற்றுக் கீழே முதல் உருவத்தின் மஞ்சள் பட்டில் பட்ட இடத்தில் விரல்கள் தெரியவில்லை. ஒரே சட்டத்துக்குள் இந்த முறையின் விதி இரண்டு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. ஜடை மூன்று உருவத்தில் மூன்று கோணத்தில் இருந்தது. கடைசி உருவத்தில் அது தோளைத் தாண்டிப் பறந்தது.

ஸ்டுடியோக்காரருக்கு மகிழ்ச்சி. ஆசிரியை பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார். மறுநாள் வகுப்புக்குப் போனபோது அந்தப் பிரிண்டின் மீது ஸ்கேலை வைத்து, முதல் உருவத்தின் இடுப்பிலிருந்து நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். இரண்டாவது உருவத்தில் இடுப்பு கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே. மூன்றாவதில் இன்னும் மேலே. அரைமண்டியில் உட்கார்ந்து நகரும்போது அந்த உட்காரும் ஆழம் மாறக்கூடாது. மாணவி நகர நகர எழுந்துகொண்டிருந்தாள். “இதைத்தான் ரொம்ப நாளா வாயால சொல்லிட்டிருக்கேன். அவளுக்கு உட்கார்ந்திருக்கற மாதிரியே தோணும், எனக்கும் வேகத்துல சில நேரம் தப்பிடும்” என்றார். வீடியோ எடுத்துக் காட்டியதில்லையா என்று கேட்டேன். காட்டியிருக்கிறார். ஆனால் வீடியோவில் முந்தைய நிலை மறைந்துவிடுகிறது, பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவதில்லை என்றார். மாரே தேடியதும் இந்த ஒப்பீட்டைத்தான்.

அதனால் அந்தப் படம் அழைப்பிதழில் வரவில்லை. ஒரு குழந்தை திருத்திக்கொண்டிருக்கிற குறையை ஊருக்கு அச்சடித்துக் கொடுப்பதில்லை என்று ஆசிரியை முடிவெடுத்தார், அம்மாவும் ஒப்புக்கொண்டார். உதவியாளர் முன்பே எடுத்து வைத்திருந்த தனிப் படங்களிலிருந்து, உட்காரும் ஆழம் சரியாக இருந்த மூன்றைப் பொறுக்கி, கணினியில் சேர்த்து அழைப்பிதழுக்குக் கொடுத்தார்கள். நன்றாகவே இருந்தது.

ஸ்டுடியோக்காரருக்கு அதில் வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஆசிரியை அதே அமைப்பில் மறுபடி ஒரு படம் எடுக்கச் சொன்னார், அழைப்பிதழுக்காக இல்லை, வகுப்புக்காக. சில வாரப் பயிற்சிக்குப் பிறகு எடுத்த அந்தப் படத்தில் மூன்று இடுப்பும் பென்சில் கோட்டைத் தொட்டன. மாணவி தானே ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். இப்போது மற்ற மாணவிகளும் கேட்கிறார்கள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கேமராவை எடுப்பதற்கு முன்பே இடத்தை இருட்டில் பார்க்க வேண்டும். எல்லா விளக்கையும் அணைத்து, கண் பழகும் வரை நின்றால், எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறது என்று தெரிந்துவிடும். சுவரும் தரையும் எவ்வளவு பளபளக்கின்றன என்பதை டார்ச் ஒன்றை அடித்தே கண்டுபிடிக்கலாம். முதல் மாலை முழுவதும் கிரீம் நிறச் சுவரோடு போராடியது தேவையில்லாதது.

உடையின் நிறத்தை ஆசிரியையோடு முன்கூட்டியே பேச வேண்டும். கறுப்பு முடியாது, சரி. மஞ்சளுக்குப் பதில் அடர்ந்த அரக்கோ மயில்கழுத்து நிறமோ இருந்திருந்தால் குறுக்கே வந்த விரல்கள் தப்பியிருக்கும்.

ஒரு ஃபிளாஷைத் திருப்புவதற்குப் பதில், குழாய் மாட்டிய மூன்று ஃபிளாஷ்களை மூன்று இடத்துக்கும் தனித்தனியாக வைத்தால் பக்கவாட்டு வெளிச்சத்தை மீட்கலாம். தூர வித்தியாசப் பிரச்சினையும் வராது. ஊரில் இரண்டு பேரிடம் கடன் கேட்டால் கிடைக்கும் என்று ஸ்டுடியோக்காரர் சொல்கிறார்.

இருட்டில் ஆடும் ஏற்பாட்டை அம்மா கேட்ட பிறகு பேசினோம். அதை முதல் நாளே, படம் எப்படி வரும் என்று விளக்குவதற்கும் முன்னால், பெற்றோரிடம் சொல்ல வேண்டும். எடுக்கிற படங்களில் எது வெளியே போகும், எது வகுப்போடு நிற்கும், எது அழிக்கப்படும் என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. இந்த முறை ஆசிரியையின் நிதானத்தால் அது தானாகச் சரியாக அமைந்தது. அடுத்த குழந்தைக்கு, அதை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்கிய பிறகே திரையைக் கட்டுவதாக ஸ்டுடியோக்காரர் சொல்லியிருக்கிறார்.